கொய்யா மரத்தில் தொங்கிய லைப்ரரி

காஞ்சிபுரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி இருந்த ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினேன். அதில் கிட்டத்தட்ட ஒரு வருடம், இல்லாத ஒரு கம்ப்யூட்டரை எழுப்பி உட்கார வைப்பதிலேயே போயிற்று.

சென்னையில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன நினைவகத்தை இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாகப் பங்கு போட்டால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடும் என்பது என் கட்சி. அதை நிரூபிக்கப் புதிதாக ஒரு ப்ராசஸரைச் செய்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலை இல்லாதவர்களுக்காக ஏற்பட்டதுதான் சிமுலேட்டர். அது வெறும் புரோகிராம். ஆனால் தன்னை ஒரு முழுக் கம்ப்யூட்டர் என்று பாவித்துக்கொள்ளும். அதற்கும் ஹார்ட் டிஸ்க் வேண்டுமே என்று, ஒரு நிஜ டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அப்படியே ஒரே பெரிய கோப்பாக்கிக் கூடவே கொடுத்திருப்பார்கள். டிஸ்க் இமேஜ் என்று பெயர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையதளத்திலிருந்து அதை இறக்க, எங்கள் கல்லூரி இணைப்பில் நான்கு நாள் ஆயிற்று.

இந்தப் பொய்க் கம்ப்யூட்டர் மகா மந்தம். காலை ஒன்பது மணிக்குக் கிளப்பினால் மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவி வரும்போது கண் விழிக்கலாம். அதுவரை திரையில் ஒவ்வொரு வரியாக ஊர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் இருக்கும் கடிகாரமோ, கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்று சாதிக்கும். போதாததற்கு, ஊரில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் கட் இருந்த காலம் அது. எங்கள் பக்கம் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை. யு.பி.எஸ். இருபது நிமிஷம் தாங்கும். ஆக, ஒரு நாளைக்கு ஒரு முறைதான் எழுப்பிப் பார்க்க முடியும். தப்பு நேர்ந்தால் மறுநாள் காலைதான்.

ஒரு தடவை லேபைச் சுற்றிப் பார்க்க வந்த பிரின்சிபால் என் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டார். அவர் சிவில் இன்ஜினியர், பாலம் கட்டியவர். இது என்ன என்று கேட்டார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "இது எதும்மா மேல ஓடுது?" என்றார்.

"நம்ம சர்வர் மேல சார்."

"சர்வர் நல்லாத்தான இருக்குது?"

"நல்லா இருக்கு சார்."

"அப்ப அதுலயே வேலைய முடிச்சுக்கலாமே."

பிற்பாடு எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ பேராசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். இதற்கு மட்டும் தலையாட்டி வைத்தேன்.

வீட்டில் அம்மா. அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு நான் விளக்கமே சொல்லவில்லை. போனில் பேசுவதைக் கேட்டு அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "கண்ணு முழிச்சுதாம்மா?" என்பாள். இல்லை என்றால், "காலைலருந்து யூரின் போச்சா?" என்று கேட்காததுதான் குறை.

லேபில் எனக்குத் துணை லேப் அசிஸ்டென்ட். நாற்பது வயதிருக்கும். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்காரர். கல்லூரிக்கு வருமுன் பதினைந்து வருடம் டிவி மெக்கானிக். புரோகிராம் எழுதத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. ஆனால் எந்தப் பெட்டியாக இருந்தாலும் திறந்து, முகர்ந்து பார்த்தே எது கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். என்னை மேடம் என்பார். நான் அவரை அண்ணா என்பேன். பொய்க் கம்ப்யூட்டரை அவர் முழுதாக நம்பியதில்லை. மோந்து பார்க்க ஒன்றுமில்லாத மிஷினை எப்படி ரிப்பேர் பண்ணுவது என்பது அவர் வாதம்.

ரிப்பேர்தான் பண்ண வேண்டியிருந்தது. டிஸ்க் இமேஜுக்குள் இருந்த லினக்ஸ் இயங்குதளம், எந்தக் காலத்திலோ யாரோ போட்டு மூடியது. என் சோதனைப் புரோகிராமை எங்கள் சர்வரில் தயாரித்து அந்தக் கோப்பின் வயிற்றைத் திறந்து உள்ளே வைத்தேன். அரை நாள் காத்திருந்து, அது எழுந்து, என் புரோகிராமை ஓடச் சொன்னதும் ஒற்றை வரியில் கையை விரித்தது. தேவையான லைப்ரரியின் பதிப்பு இங்கே இல்லையாம்.

லைப்ரரி என்பது எல்லாப் புரோகிராம்களும் பொதுவாகக் கடன் வாங்கிக்கொள்ளும் ஒரு சரக்கு. திரையில் எழுது, கோப்பைத் திற, நேரம் சொல் என்பது போன்ற அன்றாட வேலைகளை ஒவ்வொரு புரோகிராமும் தானே எழுதிக்கொண்டிருக்காது. லைப்ரரியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். என் புரோகிராம் புது லைப்ரரியோடு பழகி வளர்ந்தது. உள்ளே இருந்ததோ ஆதிகாலத்தது. கேட்டதெல்லாம் அதனிடம் இல்லை.

சரி, புது லைப்ரரியையே உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவோம் என்று சர்வரிலிருந்து எடுத்து வைத்தேன். மறுநாள் காலை எழுப்பினால், பாதி தூரம் வந்து "ஃபேட்டல்: கெர்னல் டூ ஓல்ட்" என்று சொல்லிவிட்டு அப்படியே படுத்துவிட்டது. கெர்னல் என்பது இயந்திரத்தைப் பிடித்து ஆட்டும் மூலப் புரோகிராம். புது லைப்ரரி, இவ்வளவு கிழட்டுக் கெர்னலோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது என்று மறுத்துவிட்டது. கெர்னலை மாற்றலாம் என்றால், சிமுலேட்டருக்கு அந்த ஒரு கெர்னலைத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டபோது, உள்ளே இருப்பதற்கு வயசாகிவிட்டதாம், புதுசை ஏற்க மாட்டேன் என்கிறது என்றேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "குரூப் பாத்து ஏத்துனியா? எது கைல கெடச்சுதோ அத ஏத்துனா ஒடம்பு ஒதறத்தான் செய்யும்."

ரொம்பப் புதிதும் இல்லாமல் ரொம்பப் பழசும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவயதில் ஒரு லைப்ரரி போட்டால் சரிவரும் என்ற யோசனை எனக்கு வந்தது இணையத்தில் ஒரு விவாதக் குழுவைப் படித்துத்தான். அம்மா இன்றுவரை அதைத் தன் கணக்கில்தான் வைத்திருக்கிறாள்.

நடுவயது லைப்ரரிக்கு எங்கே போவது? நான்கைந்து வருடத்துக்கு முந்தைய லினக்ஸ் சிடி ஒன்று வேண்டும். இணையத்திலிருந்து இறக்கினால் ஒரு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை சென்னையில் என் ஆராய்ச்சியைக் குழு முன் காட்ட வேண்டும், அன்று ஞாயிற்றுக்கிழமை. லேப் அசிஸ்டென்ட்டுக்குப் போன் செய்து, கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வந்த பழைய சிடிகள் லேபில் ஒரு பெட்டி நிறைய இருந்ததே, அவை எங்கே என்று கேட்டேன். 

"எங்க வூட்டுலதான் மேடம் இருக்குது. ஆனா நீங்க நேர்ல வந்து பாத்தாத்தான் நல்லாருக்கும்."

ஓரிக்கைக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம். மரம் முழுக்க சிடிகள். நூல் கோத்துக் கிளைக்குக் கிளை தொங்கின. காற்றில் சுழன்று வெயிலை நாலா பக்கமும் வாரி அடித்தன. கிளி விரட்டவாம். கல்லூரியில் குப்பைக்குப் போடச் சொன்ன பெட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வருடமாக நல்ல மகசூல் பார்த்திருந்தார்.

அண்ணாந்து பார்த்துக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தேன். வெயிலில் மேல் அச்சு வெளுத்து, எது எந்த சிடி என்று தெரியவில்லை. இறக்கித்தான் பார்க்க வேண்டும். அதற்குள் அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். நல்ல மாதிரி, முதலில் காபி கொடுத்தார். பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டு, மரத்தில் பிஞ்சு விட்டிருக்கும் நேரத்தில் சிடியை இறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

"கிளி வந்து கொறிச்சுக்கினு போச்சுன்னா உங்க காலேஜுலருந்து வந்து ஓட்டுவாங்களா டீச்சர்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் மாணவர்கள் பதிவு செய்கிறேன் என்று வீணாக்கிய சிடிகள் லேபில் மலைபோல் கிடந்தன. ஒன்றுக்கு இரண்டாகத் தருகிறேன் என்று பேசி முடித்தேன். பழசைவிடப் புதுசு பளபளப்பாக இருக்கும் என்று அவர் கணவரும் எனக்குப் பரிந்து பேசினார். அவர் ஏணி வைத்து ஏறி நூலை அறுத்து அறுத்துக் கீழே கொடுக்க, நானும் அந்த அம்மாவும் பறவை எச்சத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துண்டில் துடைத்து அடுக்கினோம். இருபத்தேழு சிடி. வேலையோடு வேலையாக அந்த அம்மா, இந்த லைப்ரரியில் என்ன புத்தகம் இருக்கும் என்று கேட்டார். புத்தகம் இல்லை என்றேன். அவருக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வந்ததுபோல் இருந்தது.

திங்கட்கிழமை முழுக்க ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். வெயிலும் மழையும் பட்டதில் பாதி சிடி குருடாகிவிட்டிருந்தது. சிலதில் விளையாட்டு. ஒன்றில் நான்கு வருடத்துக்கு முந்தைய ஸ்கிரீன் சேவர்கள் மட்டும் ஐந்நூறு. இருபத்திரண்டாவதாகப் போட்டது கறகறவென்று சுற்றி, யோசித்து, திறந்துகொண்டது. நான் தேடிய லினக்ஸ். தேடிய லைப்ரரி. கடைசிச் சில கோப்புகள் படிக்க வரவில்லை. எனக்கு வேண்டியது வந்துவிட்டது.

இனி நான் செய்த காரியம்.

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணி. மறுநாள் காலை இறுதியாண்டு மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். அத்தனை மாணவர்களின் வேலையும் அந்த ஒரே சர்வரில் இருந்தது. கல்லூரியின் இணைய இணைப்பும் அதன் வழியாகத்தான். என் பொய்க் கம்ப்யூட்டரும் அதன் மேல்தான். சர்வரின் சிடி டிரைவ் எப்போதோ உயிரை விட்டிருந்ததால், பக்கத்து மிஷினில் படித்த லைப்ரரியைப் பென் டிரைவில் கொண்டுவந்தேன். டிஸ்க் இமேஜைத் திறந்து அதற்குள் நுழைந்தேன். லைப்ரரியை, அதில் இப்படிப்பட்ட கோப்புகளை அடுக்கி வைக்கும் 'லிப்' என்ற அடைவுக்குள் நகலெடுக்கக் கட்டளை அடித்தேன்.

லிப் என்று அடித்திருந்தால் அது பொய்க் கம்ப்யூட்டரின் அடைவு. நான் பழக்கதோஷத்தில் முன்னால் ஒரு சாய்கோடு போட்டு அடித்தேன். சாய்கோடு போட்டால் அது நிஜ சர்வரின் அடைவு.

நடந்தது உடனே தெரியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டேன். பட்டியல் வரவில்லை, புரியாத ஒரு வசவு வந்தது. நகலெடுக்கும் கட்டளையும் வேலை செய்யவில்லை. நேரம் கேட்டேன், அதற்கும் அதே வசவு. அப்போதுதான் நான் அடித்த வரியைத் திரும்பப் படித்தேன்.  கொய்யா மரத்துக் கிழட்டு லைப்ரரியை நிஜ சர்வருக்கே ஏற்றிவிட்டேன். சர்வரில் இருந்த ஒவ்வொரு புரோகிராமும் புது லைப்ரரியோடு வளர்ந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன.

பக்கத்தில் வந்து நின்ற லேப் அசிஸ்டென்ட், "நிறுத்தித் திருப்பிப் போட்டுப் பாக்கலாமா மேடம்?" என்றார்.

"வேணாம்ணா. நிறுத்துனா இது மறுபடி எழுந்திருக்காது."

நான் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த அந்த ஒரு கருப்புத் திரை மட்டும் உயிரோடு இருந்தது. விபரீதம் நடக்கும் முன்பே அது சரியான லைப்ரரியோடு கிளம்பிவிட்டதால் தப்பித்தது. அதை மூடினால் எல்லாம் முடிந்தது. கரண்ட் போனாலும் முடிந்தது. இரண்டு மணிக்குக் கரண்ட் போகும். மணி பன்னிரண்டேகால்.

வழி இருக்கும் என்று தெரியும், என்னவென்று தெரியாது. தேட இணையம் வேண்டும். கல்லூரி இணையம் சர்வரோடு போய்விட்டது. ஊருக்குள், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. யாரையும் சர்வரைத் தொட விடாதீர்கள், கீபோர்டில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டுங்கள் என்று லேப் அசிஸ்டென்ட்டிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

ஷேர் ஆட்டோ வந்து, நிரம்பி, கிளம்பிச் சேர மணி ஒன்று. அந்த பிரவுசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர். நான்கில் பட்டுப்புடவை பார்டர் டிசைன் ஓடிக்கொண்டிருக்கும். மீதி இரண்டு எங்களைப் போன்றவர்களுக்கு. உட்கார்ந்து தேடினேன். அரை மணிக்குள் கிடைத்தது. என்னைப் போலவே செய்துவிட்டு அழுதவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அந்த நேரத்தில் அது பெரிய ஆறுதல்.

விஷயம் இதுதான். லைப்ரரிக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு, அதில் பதிப்பு எண் இருக்கும். கூப்பிடும் பெயர் வேறு, அது எல்லாப் பதிப்புக்கும் பொது. நான் செய்த நகலெடுப்பில் புது லைப்ரரி அழியவில்லை. தன் சொந்தப் பெயரோடு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. கூப்பிடும் பெயரின் பலகையை மட்டும் கழற்றிப் பழசின் வாசலில் மாட்டிவிட்டிருந்தேன். பலகையைத் திரும்ப மாட்டினால் போதும். மாட்டுவதற்கும் ஒரு புரோகிராம் வேண்டுமே, அதுதான் ஊமையாயிற்றே என்றால், எந்த லைப்ரரியின் தயவும் இல்லாமல் தனியாக ஓடும்படி ஒரு குட்டிப் புரோகிராமை இதற்கென்றே யாரோ புண்ணியவான் எழுதிச் சர்வரிலேயே வைத்திருந்தான். அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டு வரிக் கட்டளை.

அச்செடுத்துக் கொள்ளலாம் என்று கடைக்காரரிடம் கேட்டேன். பிரிண்டர் ஒரு மயிலை அச்சடித்துக்கொண்டிருந்தது. கட்டம் போட்ட தாளில், பார்டருக்கான மயில். கழுத்து வரை வந்திருந்தது. இன்னும் தோகை பாக்கி.

"மயிலு முடியட்டும்மா, ஒரு முக்கா மணி நேரம். நடுவுல நிறுத்துனா கட்டம் மாறிப்புடும். தறிக்காரரு வந்துக்கினு இருக்காரு."

என் சர்வரும் நடுவில் நிறுத்த முடியாத நிலையில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. வீணான டிசைன் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு வரியையும் கையால் எழுதினேன். மூன்று முறை சரிபார்த்தேன். மணி ஒன்றரை. அரை மணியில் போய்ச் சேர முடியாது என்று தோன்றியதும், போனிலேயே சொல்லி அவரை அடிக்க வைத்தால் என்ன என்று லேப் அசிஸ்டென்ட்டைக் கூப்பிட்டேன்.

"முதல்ல ஒரு சாய்கோடு போடுங்கண்ணா."

"எந்தப் பக்கம் சாயணும் மேடம்? இதுல ரெண்டு இருக்குது."

நான் வாயைத் திறந்தேன். வலது பக்கம் என்று சொல்ல வந்தவள், தலை வலது பக்கமா கால் வலது பக்கமா என்று குழம்பி நின்றேன். ஒரு சாய்கோட்டுக்குத்தான் இந்தப் பாடு. இன்னொன்றை யாரிடமும் ஒப்படைக்கத் தைரியம் வரவில்லை. கையை எடுத்துவிடுங்கள், நானே வருகிறேன் என்றேன். "எடுத்துட்டேன் மேடம்" என்றார், பெரிய நிம்மதியோடு.

ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உற்சவம். சாமி புறப்பாடு என்று ஆட்டோவை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். சந்து சந்தாகப் போனோம். பாதி வழியில் மணி இரண்டைத் தாண்டியது. இரண்டு இருபதுக்கு யு.பி.எஸ். செத்திருக்கும். அதற்கப்புறம் நான் வாட்சைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பிரின்சிபாலிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் ஒத்திகை பார்த்தேன். எந்த விதத்தில் சொன்னாலும், பொய்க் கம்ப்யூட்டருக்காக நிஜக் கம்ப்யூட்டரைக் கொன்றுவிட்டேன் என்றுதான் வந்தது.

இரண்டு நாற்பதுக்கு லேப் வாசலை அடைந்தேன். விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. வாசலில் ஏழெட்டு மாணவர்கள் தள்ளி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்வருக்கு அம்மை போட்டிருக்கிறது, கிட்டே வரக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்தார்களாம். உள்ளே, இருட்டில், ஒரு திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கீபோர்டின் மேல் ஓர் அட்டைப்பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு லேப் அசிஸ்டென்ட். அவர் காலடியில் யு.பி.எஸ். வயிறு திறந்து கிடந்தது. அதிலிருந்து கருப்பும் சிவப்புமாக இரண்டு கனத்த ஒயர்கள் கிளம்பி, தரையில் இருந்த ஒரு பெரிய பேட்டரிக்குப் போயின.

"இது ஏதுண்ணா?"

"ஸ்டாஃப் பஸ்ஸுது மேடம். டிரைவர் தூங்கிக்கினு இருந்தாரு."

அவர் அட்டைப்பெட்டியை எடுத்துவிட்டு எழுந்து இடம் விட்டார். நான் டிசைன் தாளைத் திரைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். சாய்கோடுகள் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி மூச்சு விட்டேன். முதல் வரி. இரண்டாவது வரி. பிறகு பட்டியல் கேட்டேன்.

பட்டியல் வந்தது. கடகடவென்று, எதுவுமே நடக்காதது மாதிரி வந்தது. நான் கீபோர்டில் தலையைச் சாய்த்துவிட்டேன். அதில் ஏதோ நாற்பது எழுத்து அடிபட்டது. நல்லவேளை, அந்தப் பெயரில் கட்டளை எதுவும் இல்லை.

சரியானபின் சர்வரை முறையாக நிறுத்திவிட்டு பேட்டரியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. கரண்ட் வரும்வரை ஓடட்டும் என்றேன். அன்று பார்த்துக் கரண்ட் நான்கு இருபதுக்குத்தான் வந்தது. நாலரைக்கு ஸ்டாஃப் பஸ் கிளம்ப வேண்டும். லேப் அசிஸ்டென்ட் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாட்டி, சாவியைத் திருப்பினால், பஸ் இருமியதோடு சரி.

பத்துப் பன்னிரண்டு பேராசிரியர்கள் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. பிரின்சிபாலும் இறங்கினார். காரணம் கேட்டார். லேப் அசிஸ்டென்ட் மறைக்கவில்லை. சர்வருக்கு உயிர் போகும் நிலை, அதற்கு வைத்தோம் என்றார். பிரின்சிபால் என்னைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார்.

"எந்த சர்வரும்மா, நிஜமா பொய்யா?"

"நிஜம் சார்."

"அப்ப சரி" என்று பேனாவைச் சட்டைப்பையில் ஆழமாகச் சொருகிக்கொண்டு பஸ்ஸின் முதுகில் தோளைக் கொடுத்தார். பாலம் கட்டியவர், நல்ல பலம். கேட்டைத் தாண்டுவதற்குள் பஸ் பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை தேர்வு நடந்தது. தேர்வாளர் எதையும் கவனிக்கவில்லை. சர்வர் வேகமாக இருப்பதாகக்கூடச் சொன்னார். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே போய், இந்த முறை சாய்கோடு இல்லாமல், லேப் அசிஸ்டென்ட்டைப் பக்கத்தில் நிறுத்தி வாய்விட்டுப் படிக்க வைத்து, நடுவயது லைப்ரரியை டிஸ்க் இமேஜுக்குள் வைத்தேன். என் புரோகிராமையும் அதற்கு ஏற்றபடி மறுபடி தயாரித்துக்கொண்டேன். பொய்க் கம்ப்யூட்டரைக் கிளப்பினோம். கெர்னல் முகம் சுளிக்கவில்லை. பன்னிரண்டரைக்கு எழுந்தது. என் புரோகிராம் ஓட ஆரம்பித்து, கரண்ட் போவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் முடிவுகளைக் கொட்டியது. நினைவகத்தை நான் சொன்னபடி பங்கு போட்டால் வேகம் கூடத்தான் செய்தது. நான் பயந்ததைவிட அதிகமாக, ஆசைப்பட்டதைவிடக் குறைவாக.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், கண்ணு முழிச்சுது என்றேன். அன்றே வார்டிலிருந்து பெயரை அடித்துவிட்டாற்போல, "கஞ்சி குடு, போதும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சென்னையில் குழுவின் முன் படங்களைக் காட்டினேன். என் பேராசிரியர் திருப்தியாகத்தான் இருந்தார். முடிந்து தேநீர் குடிக்கும்போது, எந்த டிஸ்க் இமேஜைப் பயன்படுத்தினேன் என்று கேட்டார். பழையதுதான், லைப்ரரியை மட்டும் நானே மாற்றினேன் என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டே? போன மாசமே எல்லாம் புதுசாப் போட்டு வேற இமேஜ் வெளியிட்டாங்களே. அதே பக்கத்துலதான் இருக்கு, கொஞ்சம் கீழ."

தேநீர் சூடாக இருந்தது ஒருவிதத்தில் நல்லதாயிற்று. ஊதிக்கொண்டே இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை இதை லேப் அசிஸ்டென்ட்டிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே லேபுக்குள் நுழைந்தேன். அவர் மாணவர்கள் வீணாக்கிய சிடிகளை எண்ணி எண்ணி ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்து நான்கு. வீட்டில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்களாம். சொன்னேன். எண்ணுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"அந்தப் புதுச எறக்க எத்தினி நாளு ஆவும் மேடம்?"

"அஞ்சாறு நாள் ஆகும்ணா."

"நம்மளுது ஓடுது இல்ல?"

"ஓடுது."

"அப்ப வுடுங்க" என்றார். பையை முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். அந்தப் புது இமேஜை நான் கடைசிவரை இறக்கவில்லை. பட்டம் வாங்கும்வரை எல்லாச் சோதனைகளும் எங்களுடையதிலேயே ஓடின.